மூன்றாவது ஜோடி

பெரியவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே இரண்டு காதும் சிவந்துவிட்டன. காரணம் வேறு யாருமில்லை, எதிரே ஸ்டூலில் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாவமாக உட்கார்ந்திருந்த அவளுடைய கூடப்பிறந்த தங்கைதான்.

"இன்னும் வலிக்குதுக்கா."

"எந்தக் கால்ல?"

"ரெண்டுலயும்தான்."

"இடது குறைஞ்சிடுச்சுன்னு போன வாரம் நீதானேடி சொன்ன?"

"குறைஞ்சுதான் இருந்துச்சு. இப்ப இடுப்பும் சேர்ந்து வலிக்குது."

இடுப்பு! குதிகாலுக்கு வைத்தியம் பார்க்கப்போய் இப்போது இடுப்பும் வரிசையில் வந்து நிற்கிறது. பெரியவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். கை முழுக்க வெள்ளைத் தூள் இருந்ததால் அதையும் செய்ய முடியவில்லை.

ஆஸ்பத்திரியின் பாதப் பிரிவில், டாக்டரின் அறைக்குப் பின்னால் இருக்கும் பட்டறை அவளுடையது. ஒரு சின்ன அடுப்பு, ஒரு தேய்க்கும் மெஷின், சுவரோரம் அடுக்கி வைத்த கால் அச்சுகள். குதிகால் வலி, தட்டைப் பாதம், ஓடி ஓடி எலும்பில் கீறல் விட்டவர்கள், சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்கள் என்று யார் வந்தாலும், டாக்டர் சீட்டு எழுதி இவளிடம்தான் அனுப்புவார். அழுத்தினால் தடம் பதிகிற நுரைப்பெட்டியில் அவர்களை நிற்க வைத்து, அந்தத் தடத்தில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்து, அச்சின் மேல் சூடான தகட்டைப் படிய வைத்து, ஷூவுக்குள் வைக்கிற இன்சோலாகச் செதுக்கிக் கொடுப்பாள். அதை யாராவது 'அட்டை' என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள்.

சின்னவளுக்கு வேலை, ஊரில் உள்ள ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்புகளை அழுத்தித் தேய்க்கும் மெஷினின் ஒரு முனையில் எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நிற்கவேண்டும். ஒன்பது வருஷமாக நிற்கிறாள். மூன்று மாதமாகத்தான் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி வலி. சலவைக்கூடம் கடிதம் கேட்டுவிட்டது: இவர் நிற்கிற வேலைக்குத் தகுதியா, இல்லையா? டாக்டர் இரண்டு மாதம் தவணை வாங்கிக் கொடுத்தார். அந்தத் தவணை வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. 'தகுதியில்லை' என்று அவர் எழுதிவிட்டால் அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை என்று எதுவும் கிடையாது. நேராக வீட்டுக்குத்தான். சின்னவளின் வீடு ஓடுவதே அவள் ஒருத்தி உழைப்பில்.

இதெல்லாம் தெரிந்துதான் பெரியவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தாள். எட்டு வாரத்துக்கு முன்னால் முதல் ஜோடி. "வலது குத்துதுக்கா, நடுவுல மேடா இருக்கு" என்று மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது இன்சோலில் தேய்மானம் வெளி ஓரமாக இருந்தது. வளைவு உயர்ந்த பாதம் அப்படித்தான் தேய்க்கும், சரி. வலதில் உள் ஓரம் தேய்ந்து, இரண்டாவது விரல் பதியும் இடம் ஆழமாகக் குழிந்திருந்தது. இது தட்டைப் பாதத்தின் வேலை. ஒரே ஆளின் இரண்டு கால்கள் ஒட்டுறவே இல்லாத இரண்டு பேர் மாதிரி இருந்தன. அபூர்வம்தான், ஆனால் இல்லாத கதை இல்லை.

பெரியவள் யோசித்தாள். நுரையில் ஒரு நிமிஷம்தான் நிற்கிறார்கள். அந்த ஒரு நிமிஷமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுக்கிற மாதிரி நிற்பார்கள். தேய்மானமோ மூன்று வாரம் நடந்த நடையின் சாட்சி. சாட்சியை நம்பி வலதின் மேட்டைக் குறைத்து, உள் ஓரத்தை உயர்த்தி, இரண்டாவது ஜோடி செய்தாள். "இப்ப பரவால்ல, இன்னும் கொஞ்சம்" என்றாள் சின்னவள். இன்னும் கொஞ்சம் இறக்கி மூன்றாவது ஜோடி செய்தாள். "வலது இப்ப அப்படியே ஒட்டிக்கிச்சு" என்று சொன்னது இதே வாய்தான். சொல்லி ரெண்டு வாரம்கூட ஆகவில்லை.

"ஒட்டிக்கிச்சுன்னா வலி எப்படிடி இருக்கும்? காது குத்துறியா எனக்கு?"

"நான் என்னக்கா பண்ணட்டும்? வலிக்குதுன்னா வலிக்குது."

"நடந்து காட்டு."

சின்னவள் பட்டறைக்குள் நாலு தப்படி நடந்தாள். வலது காலை வைக்கும்போது முள்ளை மிதித்தவள் மாதிரி முகம் சுளித்தாள். நடிப்பில்லை. பெரியவளுக்கு நடிப்பும் தெரியும், நடையும் தெரியும்.

"தினமும் போடுறியா இல்லையா?"

"போடாம? ஷிஃப்ட் முழுக்க ஷூவுக்குள்ளதான் இருக்கு."

"ரெண்டும்?"

"ரெண்டும்தான்." சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். பெரியவளைவிடப் பத்து வயது சின்னவர், நியாயமான மனுஷர். "மூணு ஜோடி பார்த்தாச்சு. இனியும் இழுத்தா கால் கெட்டுப்போகும். வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேரில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுவே பெரியவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாயும் புதனும் அவளுக்கு மண்டை காய்ந்தது. பழைய நுரைத் தடத்தை எடுத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். அளவு பொய் சொல்லவில்லை, தேய்மானமும் பொய் சொல்லவில்லை, தங்கச்சியின் வலியும் பொய்யில்லை. மூன்றும் நிஜமென்றால் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது? அவள் எங்கே, எப்படி நிற்கிறாள் என்று நேரில் பார்த்தால்தான் விளங்கும் என்று முதல் ஜோடியின்போதே கேட்டாள். "வெளியாளை உள்ள விடமாட்டாங்கக்கா" என்று சின்னவள் பிடி கொடுக்கவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராகச் சலவைக்கூடத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டி, "எங்க நோயாளி ஒருத்தர் எப்படி நிக்கிறார்னு பார்க்கணும்" என்றதும் வாசலில் இருந்தவர் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வழிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். வெளியாளை விடமாட்டார்களாம்!

உள்ளே ஆவியும் சோப்பு வாசனையும் ஆளைத் தள்ளின. நீளமான உருளை மெஷினின் இந்த முனையில் சின்னவள், அந்த முனையில் இன்னொருத்தி. ஒல்லியாக, முப்பது வயதுக்குள் இருப்பாள். வீட்டில் வாய்க்கு வாய் "என் எதிராளி, என் எதிராளி" என்று சின்னவள் சொல்வது இவளைத்தான். எதிரே நிற்பதால் எதிராளி. மற்றபடி இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். ஒருத்தி விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்தால் மற்றவள் அடுத்த நுனியைப் பிடித்திருப்பாள். கண்ணால்கூடப் பார்த்துக்கொள்வதில்லை.

பெரியவள் தூண் ஓரமாக நின்று கால்களை மட்டும் பார்த்தாள். சின்னவளின் முனையில் பெடல் வலது காலுக்கு. மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே உடம்பு பாரம் முழுக்க இடது காலில். எதிர் முனையில் பெடல் இடது காலுக்கு. எதிராளியின் பாரம் முழுக்க வலது காலில். அதெல்லாம் சரி. சின்னவளின் இடுப்பு ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது? அளந்து செய்த இரண்டு இன்சோலும் உள்ளே இருந்தால் இப்படிச் சாயவே சாயாதே!

இடைவேளை மணி அடித்தது. திரும்பி அக்காவைப் பார்த்ததும் சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எங்கக்கா இங்க?"

"ஷூவைக் கழட்டு."

"இங்கயா? எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். கழட்டு."

உடைமாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார வைத்து, பெரியவளே குனிந்து கழற்றினாள். இடது ஷூவுக்குள் இன்சோல் இருந்தது. வலது ஷூவுக்குள் கையை விட்டாள். கம்பெனி கொடுத்த மெல்லிய துணிப்பட்டைதான் தட்டுப்பட்டது.

"வலது எங்கடி?"

சின்னவள் திருதிருவென்று விழித்தாள்.

"உன்னைத்தான் கேட்கிறேன். எங்க அது?"

பதில் எதிர்ப் பெஞ்சிலிருந்து வந்தது. எதிராளி தன் வலது ஷூவைக் கழற்றி, உள்ளே இருந்ததை எடுத்து, இரண்டு கையாலும் பெரியவளிடம் நீட்டினாள். மூன்றாவது ஜோடியின் வலது.

"எனக்கு இடதுதானேக்கா ரொம்ப வலி" என்றாள் சின்னவள் அவசரமாக. "அவளுக்கு வலதுல. முதல் நாளே பார்த்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே ஷூ அளவு. இடதை நான் வச்சுக்கிறேன், வலதை நீ வச்சுக்கோன்னு நான்தான் குடுத்தேன். உங்கிட்ட காட்ட வரும்போது மட்டும் வாங்கிட்டு வருவேன். அவ வேணாம்னுதான் சொன்னா."

பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ குத்துதுன்னு சொன்னியே?"

"அவளுக்குத்தான் குத்துச்சு."

"இன்னும் கொஞ்சம்னு சொன்னது?"

"அதுவும் அவதான்."

எதிராளி மெதுவாகச் சொன்னாள்: "இந்த மூணாவது வந்தப்புறம் எனக்கு வலியே இல்லக்கா. காலைல எந்திரிச்சா சுவத்தப் பிடிக்காம நடக்கிறேன். உங்க கை நல்ல கைக்கா."

நல்ல கை! பெரியவளுக்கு வயிறெரிந்தது. மூன்று முறை உட்கார்ந்து, தேய்மானத்தைப் பார்த்துப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருத்தியின் காலுக்கு இம்மி பிசகாமல் இன்சோல் செய்திருக்கிறாள். செய்த வேலை அத்தனையும் பலித்திருக்கிறது, ஆள்தான் மாறிப்போயிற்று. ஒரு காலில் மேடு, ஒரு காலில் பள்ளம் என்று எட்டு வாரம் நின்றதில் சொந்தத் தங்கச்சி இடுப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவளுடைய வேலை போகப்போகிறது.

"இது என்ன வளையலா, ஆளுக்கு ஒண்ணு போட்டுக்க?" பெரியவளின் குரல் அறையைத் தாண்டிப் போனது. "ஜோடின்னா ரெண்டு காலுக்கும் சேர்த்துத்தான் ஜோடி! ஒரு கால்ல மட்டும் வச்சா உடம்பே கோணிக்கும். அதான் உன் இடுப்பு. நாளைக்கு இவளுக்கும் வரும் பாரு. ஏம்மா, உனக்கு வலின்னா நீ டாக்டர்கிட்ட போறதுக்கென்ன?"

எதிராளி தரையைப் பார்த்தாள். சின்னவள்தான் சொன்னாள். "அவ தற்காலிகம்க்கா. கால் வலின்னு எங்கயாவது பதிவானா அடுத்த தடவை பேரைச் சேர்க்கமாட்டாங்க. போன வருஷம் ரெண்டு பேரு அப்படித்தான் போனாங்க. சீட்டு இல்லாம நீ செய்யமாட்டன்னு எனக்குத் தெரியும். அதான்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடலாம். நீ ஒரு காலுக்குத்தான் போட்டன்னு தெரிஞ்சா இன்னும் நாலு வாரம் குடுப்பார்."

"இன்னொரு கால் எங்கன்னு கேட்பாரே? அவர் எழுதறது இங்க ஆபீசுக்குத்தானே வரும்? வேணாம்க்கா. என் வேலை போனாலும் பரவால்ல."

"பரவால்லையா? யாருடி உன் வீட்டைப் பார்த்துக்கறது?"

மணி அடித்ததும் இரண்டு பேரும் எழுந்து போனார்கள். எதிராளி நாலு அடி போய்விட்டுத் திரும்பி வந்து, பெரியவளின் மடியில் கிடந்த வலது இன்சோலைத் தொடாமல், "இதை அவளுக்கே வச்சிடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கே வைத்து என்ன செய்ய? அது அவள் கால் இல்லையே! பெரியவள் இரண்டு பேர் மேலும் இருந்த ஆத்திரத்தில் அந்தக் காலி அறையில் கொஞ்ச நேரம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரின் மேஜையில் படிவம் பாதி நிரப்பியே இருந்தது. சின்னவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் காலை அழுத்திப் பார்த்தார், நிற்கச் சொன்னார், இடுப்பைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மூணு ஜோடிக்கும் கேட்கலன்னா, இந்தக் கால் நிக்கிற வேலையைத் தாங்காதுன்னுதான் அர்த்தம்."

"அர்த்தம் அது இல்ல சார்" என்றாள் பெரியவள். வாசலில் நின்றபடியே சொன்னாள், உள்ளே வரக் கால் எழவில்லை. "இன்சோல் தப்பு."

டாக்டர் நிமிர்ந்தார். "எப்படி?"

"வலது இவ காலுக்கு இல்ல. வேற ஒரு காலுக்குப் போயிடுச்சு."

"வேற யாரோட அச்சாவது கலந்துடுச்சா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் ஒரே பார்வையில் அவளை அடக்கினாள். "கலந்துடுச்சு. இடது மட்டும்தான் சரி. வலது மூணு தடவையும் தப்பு. அதனாலதான் இடுப்பு சாயுது. ஜோடியாச் சரியா செஞ்சு இன்னும் இவளுக்குப் போட்டே பார்க்கல."

டாக்டர் நம்பமுடியாமல் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த அறையிலிருந்து போன ஒரு இன்சோலிலும் ஆள் மாறியதில்லை. இதே பெண் போன மாதம்தான், அச்சில் பேர் எழுத மறந்ததற்காக, கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரரைப் பட்டறையே அதிரத் திட்டினாள். கண்ணாடிக்காரர் செயற்கைக் கால் பிரிவிலிருந்து போன வருஷம் மாறி வந்தவர். நிதானமாகப் பேசுவார், அதைவிட நிதானமாக வேலை செய்வார்.

"உங்க கையிலயா இப்படி ஆச்சு?"

"ஆமா சார். என் தப்புதான்."

பொய்யென்றும் சொல்லிவிட முடியாது. தங்கையின் காலைவிடத் தேய்மானத்தை நம்பினாளே, அது யாருடைய தப்பு? இருந்தாலும் அந்த வார்த்தையைத் தன் வாயாலேயே சொல்லவேண்டி வந்ததே என்று உள்ளே பொருமினாள்.

டாக்டர் படிவத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு நாலு வாரம் தவணை கேட்டு எழுதினார். அப்புறம் இன்னொரு தாளை எடுத்தார். "இதையும் எழுதாம விடமுடியாது. உங்களுக்கே தெரியும். ஆறு மாசத்துக்கு நீங்க எடுக்கிற ஒவ்வொரு அச்சையும் இன்னொருத்தர், வந்த ஆளோட ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

இன்னொருத்தர் என்று அங்கே இருப்பது கண்ணாடிக்காரர் ஒருத்தர்தான்.

வெளியே வந்ததும் சின்னவள் கையைப் பிடித்தாள். பெரியவள் உதறினாள்.

"என்கூடப் பேசாத. ஆறு மாசம் அந்த மனுஷன் முன்னாடி நான் கைகட்டி நிக்கணும். உன்னால."

"தெரியும்க்கா."

"ஒண்ணும் தெரியாது உனக்கு. ஞாயித்துக்கிழமை உன் எதிராளியை வீட்டுக்குக் கூட்டிட்டு வா. ஒரு காலோட விட்டா அவ இடுப்பும் போயிடும். தகடு நானே வாங்கிக்கிறேன், ஆஸ்பத்திரியோடதைத் தொடமாட்டேன். அவகிட்ட சொல்லு, நான் நல்லவ இல்ல, கோவத்துலதான் செய்யறேன்னு."

அன்றைக்கே நாலாவது ஜோடிக்கு அச்செடுக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிற்க வைக்கவில்லை; ஸ்டூலில் சின்னவள், கீழே புது நுரைப்பெட்டி. இடது காலைப் பிடித்து அழுத்தி எடுத்தாள். அடுத்து வலது. முழங்காலில் கை வைத்து, குதிகாலை நுரைக்குள் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் ஒரு புது நோட்டோடு வந்து நின்றார். பாவம், அவருக்கே தர்மசங்கடமாக இருந்தது. இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கேட்டுத்தான் எழுதணும்னு சார் சொல்லியிருக்கார். இந்த வலது கால்… இவங்களோடதுதானே?"

பெரியவள் நிமிரவில்லை. இரண்டு காதும் சிவந்திருந்தன. அந்தக் காலைக் கையில் பிடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

"ஆமா. ரெண்டும் இவளோடதுதான். எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். பேனா நகர்கிற சத்தத்தில் சின்னவளின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. வாயைப் பொத்திக்கொண்டும் அவளால் அடக்க முடியவில்லை, முழங்கால் வரைக்கும் நடுங்கியது.

"அழாத" என்றாள் பெரியவள். "ஆடினா அச்சு கலைஞ்சிடும்."